ஆலோசகர் அறைக்கு முன்னும் பின்னும்: பள்ளி மனநல ஆதரவு என்றால் என்ன?

பதின்பருவப் பிள்ளைகளின் மனநலம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே தீர்வுதான் முன்வைக்கப்படுகிறது: “பள்ளிக்கு ஒரு கவுன்சலரைப் போடுங்கள்.” போடுகிறார்கள். ஓர் அறை ஒதுக்கி, கதவில் பலகை மாட்டி, ஆண்டுக்கு ஒருமுறை சிறப்புப் பேச்சாளரை அழைத்துக் கைதட்டி அனுப்புகிறார்கள். பிறகு ஏதாவது விபரீதம் நடந்தால், “கவுன்சலர் இருந்தும் இப்படி ஆகிவிட்டதே” என்று அங்கலாய்க்கிறார்கள். இன்னொரு பக்கம், “எங்கள் காலத்தில் இதெல்லாம் இருந்ததா?” என்று மொத்தத்தையும் ஒதுக்கித் தள்ளுகிறவர்கள். இரு தரப்புமே மனநல ஆதரவை ஓர் ஆள், ஓர் அறை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அது பல கைகள் மாறிச் செய்ய வேண்டிய வேலை. யாரோ கவனிக்க வேண்டும், யாரோ கேட்க வேண்டும், யாரோ உரியவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும், யாரோ அதன் பிறகும் விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். இப்படிக் கை மாறும் இடங்களில்தான் பிள்ளைகள் நழுவிவிடுகிறார்கள். அந்த இடங்கள் எவை என்று இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

கரும்பலகை தெரியாத பிள்ளை

கிட்டப்பார்வை உள்ள ஒரு சிறுமி வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். கரும்பலகையில் இருப்பது மங்கலாகத் தெரிகிறது. அவள் யாரிடமும் சொல்வதில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் தெரிகிறது என்று நினைக்கிறாள். பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறாள், திட்டு வாங்குகிறாள், மதிப்பெண் குறைகிறது. “கவனம் இல்லை” என்று வீட்டுக்குக் குறிப்பு போகிறது.

என்றைக்கோ ஓர் ஆசிரியர் அவள் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதைக் கவனிக்கிறார். அவர் கண் மருத்துவர் அல்லர், கண்ணாடிக்கு அளவு எழுதித் தர அவரால் முடியாது. ஆனால் பெற்றோரிடம் சொல்ல முடியும்; பரிசோதனைக்கு அனுப்பச் செய்ய முடியும்; கண்ணாடி வரும்வரை முன்வரிசையில் உட்காரவைக்க முடியும். இதற்கெல்லாம் முன்பே, வகுப்பறையில் நல்ல வெளிச்சம் இருக்கும்படி பள்ளி பார்த்துக்கொண்டிருக்கவும் முடியும்.

மனநல ஆதரவின் அமைப்பு முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. எல்லோருக்குமான நல்ல சூழல், சிரமப்படுகிறவரைக் கண்டுகொள்ளும் கண், உரிய நிபுணரிடம் சேர்ப்பது, சிகிச்சை நடக்கும் காலத்தில் வகுப்பில் செய்துதரும் சிறு மாற்றங்கள்.

ஓர் இடத்தில் மட்டும் இந்த ஒப்புமை உதவாது. கண்ணின் குறையைச் சில நிமிடங்களில் அளந்துவிடலாம். மனத்தை அளக்க அப்படி ஒரு கருவி கிடையாது. கேள்விப் பட்டியல்கள் உண்டு. அவை சந்தேகத்தை எழுப்பத்தான் பயன்படும், முடிவு சொல்லப் பயன்படா. அதனால் பள்ளி மனநல ஆதரவில் உரையாடலுக்கு இருக்கும் முக்கியத்துவம் வேறெதற்கும் இல்லை.

வருத்தம் எப்போது நோயாகிறது?

தேர்வுக்கு முந்தைய நாள் வயிற்றைக் கலக்குவது நோய் இல்லை. நெருங்கிய நட்பு முறிந்து ஒரு வாரம் முகம் வாடிக் கிடப்பதும் நோய் இல்லை. இவற்றுக்கெல்லாம் சிகிச்சைப் பெயர் சூட்டினால், சாதாரண மனவலியைக்கூடத் தாங்க முடியாத குறைபாடாகப் பிள்ளைகள் எண்ணத் தொடங்கும் ஆபத்து உண்டு. இந்தக் கவலையை அண்மை ஆண்டுகளில் ஆய்வாளர்களே எழுப்பி வருகிறார்கள்.

எல்லை எங்கே என்று அறிய மூன்று கேள்விகள் உதவும். எவ்வளவு நாளாக? எவ்வளவு கடுமையாக? அன்றாட வாழ்க்கையை எவ்வளவு முடக்குகிறது? உதாரணமாக, மனச்சோர்வு நோய் என்று மருத்துவர்கள் சொல்வது, குறைந்தது 2 வாரங்கள், நாளின் பெரும்பகுதி நீடிக்கும் வாட்டமோ, பிடித்தவற்றில்கூட நாட்டமின்மையோ, அவற்றோடு தூக்கம், பசி, கவனம் போன்றவற்றில் ஏற்படும் மாற்றங்களும் சேர்ந்த நிலையை. மனப்பதற்ற நோய் என்பது, காரணத்துக்குப் பொருந்தாத அளவு அச்சம் விடாமல் தொடர்ந்து, பிள்ளை சிலவற்றைத் தவிர்க்கத் தொடங்கிவிடும் நிலை. பள்ளிக்குப் போவதையே தவிர்ப்பதும் அதில் சேரும்.

இதில் பெரியவர்கள் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. மனச்சோர்வு என்றதும் மூலையில் அமர்ந்து அழும் பிள்ளையைத்தான் நாம் எதிர்பார்க்கிறோம். பதின்பருவத்தில் அது எரிச்சலாகவும் வெளிப்படும். மருத்துவ வரையறையிலேயே அதற்கு இடம் உண்டு. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு முன்புவரை விளையாட்டு அணியில் இருந்தவன். இப்போது பயிற்சிக்குப் போவதில்லை. கேள்வி கேட்டால் வெடுக்கென்று பதில் வருகிறது. முதல் இரண்டு பாடவேளைகளில் மேசையில் தலை சாய்த்துவிடுகிறான். ஆசிரியர்கள் அறையில் அவனுக்குக் கிடைத்திருக்கும் பெயர் “திமிர் பிடித்தவன்”. அந்தப் பெயர் விழுந்துவிட்டால் அடுத்து தண்டனைதான். விசாரிக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

எத்தனை பேருக்கு இப்படி என்றால், 10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதோவொரு மனநலக் கோளாறு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. 192 ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் வெளியான ஒரு பகுப்பாய்வின்படி, மனநலக் கோளாறு உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு 14 வயதுக்கு முன்பே அது தொடங்கிவிட்டது. ஏறக்குறைய பாதிப்பேருக்கு 18 வயதுக்கு முன்பே. அதாவது, பெரியவர்களின் மனநோய் என்று நாம் எண்ணுவதில் ஏறக்குறைய பாதி பள்ளிச் சீருடையில் இருக்கும்போதே தொடங்குகிறது. பள்ளி இதில் ஏன் தலையிட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரடியான பதில் என்னிடம் இல்லை.

மூன்று அடுக்குகள்

இப்போது அமைப்புக்கு வருவோம். இத்துறையில் இருப்பவர்கள் பள்ளி ஆதரவை மூன்று அடுக்குகளாகப் பிரித்துப் பேசுகிறார்கள்.

முதலாவது பொது அடுக்கு: பள்ளியிலுள்ள அத்தனை மாணவர்களுக்கும் உரியது. கோபத்தைக் கையாள்வது, உதவி கேட்பது போன்றவற்றைச் சொல்லித்தரும் வகுப்புகள் இதில் அடங்கும். ஆனால் வகுப்பு நடத்துவதோடு இது முடிந்துவிடாது. கேலிக்கும் அடிதடிக்கும் பள்ளி என்ன செய்கிறது, மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளையைச் சபையில் அவமானப்படுத்தும் வழக்கம் இருக்கிறதா, கழிவறையில் கூட்டமாக மிரட்டும் மாணவர்களைப் பற்றிப் புகார் சொன்னால் என்ன நடக்கும், எல்லாமே பொது அடுக்குதான். சுற்றறிக்கைகளில் இடம்பெறாத பகுதி இது. என் பார்வையில் முக்கால்வாசி வேலையும் இங்கேதான் இருக்கிறது.

பள்ளி தொடங்கும் மணியைக்கூட இதில் சேர்க்கலாம். பருவமடையும் வயதில் உடலின் உள்கடிகாரம் தாமதமான நேரத்துக்கு நகர்கிறது. தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் இரவில் தாமதமாகச் சுரக்கிறது. சீக்கிரம் படு என்று அதட்டினாலும் தூக்கம் வராது. இந்த வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. தூக்கக் குறைவு மனச்சோர்வோடு நெருங்கிய தொடர்புடையது என்பதால், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-ல் பரிந்துரைத்தது. 2016-ல் சியாட்டில் நகரம் தன் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரத்தை 7.50-லிருந்து 8.45-க்கு மாற்றியபோது, மாணவர்களின் தூக்கம் சராசரியாக 34 நிமிடம் கூடியது. இந்த மாற்றத்துக்கு எந்த ஆலோசகரும் தேவைப்படவில்லை.

இரண்டாவது, இலக்கு அடுக்கு: சிரமத்தின் அறிகுறி தெரியும் சிலருக்கானது. வீட்டில் மரணமோ பிரிவோ நேர்ந்தவர்கள், கேலிக்கு ஆளானவர்கள், வருகை திடீரெனக் குறைந்தவர்கள். சிறு குழுவாகச் சந்திப்பது, ஆலோசகரோடு சில அமர்வுகள் என்று இங்கே வேலை நடக்கும். மூன்றாவது, சிகிச்சை அடுக்கு: நோய் என்று சொல்லத்தக்க நிலையில் உள்ள ஒரு சிலருக்கு. இது பள்ளிக்கு வெளியே, மனநல மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ நடக்க வேண்டியது. முன்னவர் மருந்து எழுதித் தரும் மருத்துவர். பின்னவர் பேச்சுவழிச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவர். பள்ளி ஆலோசகர் இந்த இருவருக்கும் மாற்று ஆகமாட்டார்.

சுருக்கமாக: முதல் அடுக்கு எல்லோருக்கும், இரண்டாவது சிலருக்கு, மூன்றாவது மிகச் சிலருக்கு. முதல் அடுக்கைக் கவனிக்காத பள்ளியில் இரண்டாம் அடுக்கில் கூட்டம் நெரியும்.

சங்கிலி எங்கே அறுகிறது?

அடுக்குகளைப் படமாக வரைவது எளிது. ஒரு பிள்ளை ஓர் அடுக்கிலிருந்து அடுத்ததற்குப் போய்ச் சேர்வதுதான் கடினம். அதற்கு நான்கு கண்ணிகள் வேண்டும்: கவனித்தல், முதல் பேச்சு, பரிந்துரை, பின்தொடர்தல்.

கவனித்தல் வகுப்பாசிரியரின் கையில் இருக்கிறது. அவர் நோயைக் கண்டறிய வேண்டியதில்லை. மாற்றத்தைக் கண்டால் போதும். எப்போதுமே அமைதியாக இருக்கும் பிள்ளை அமைதியாக இருப்பதில் புதிதாக எதுவும் இல்லை. கலகலப்பாக இருந்த பிள்ளை அமைதியானால் அது செய்தி. பாட ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் ஒரு துண்டைத்தான் பார்க்கிறார்கள். கணக்கு ஆசிரியருக்கு வீட்டுப்பாடம் வராதது தெரியும். விளையாட்டு ஆசிரியருக்கு அவன் மைதானத்துக்கு வராதது தெரியும். இரண்டு துண்டுகளும் ஒரே மேசைக்கு வர, மாதம் ஒருமுறை அரைமணி நேரமாவது ஆசிரியர்கள் மதிப்பெண்ணைத் தவிர வேறெதையாவது பேச வேண்டும்.

முதல் பேச்சுதான் பலருக்கும் அச்சம் தருவது. என்ன கேட்பது என்று தெரியாமல், “ஏன் இப்படி இருக்கிறாய்?” என்று கேட்டுவிடுவார்கள். அது கேள்வி போலத் தெரிந்தாலும் பிள்ளையின் காதில் குற்றச்சாட்டாக விழும். நன்றாக அமைந்தால் பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“இரண்டு வாரமாக மதிய இடைவேளையில் நீ தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன்.”

“ஒன்றுமில்லை மிஸ்.”

“சரி. இப்போதே சொல்ல வேண்டும் என்று இல்லை. வியாழக்கிழமை கடைசிப் பாடவேளைக்குப் பிறகு நான் நூலகத்தில் இருப்பேன். வந்தால் பேசலாம், வராவிட்டாலும் கோபம் இல்லை.”

இதில் ஆசிரியர் காரணம் கேட்கவில்லை, அறிவுரை சொல்லவில்லை. தான் பார்த்ததைச் சொன்னார். நேரமும் இடமும் சொன்னார். “எப்போது வேண்டுமானாலும் வா” என்பது பெருந்தன்மையாகத் தோன்றும். ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதன் பொருள் “எப்போதுமே வர வேண்டாம்” என்பதுதான். குறிப்பிட்ட நேரம் சொன்னால், அவர் உண்மையிலேயே காத்திருப்பார் என்ற நம்பிக்கை வரும்.

மூன்றாவது கண்ணி பரிந்துரை: பிள்ளையை அடுத்த நிலை உதவியிடம் ஒப்படைப்பது. தாளில் பெயர் எழுதிக் கொடுத்து, “போய்ப் பார்” என்பது பரிந்துரை ஆகாது. ஆசிரியரே உடன் சென்று ஆலோசகரிடம் அறிமுகம் செய்துவைத்தால், பிள்ளை தன் கதையை முதலிலிருந்து அறிமுகமற்ற ஒருவரிடம் தொடங்க வேண்டியிராது. நான்காவது கண்ணியான பின்தொடர்தலைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதிகம் அறுவது அதுதான்.

“யாரிடமும் சொல்லமாட்டீர்களா?”

எந்த மாணவரும் ஆலோசகரிடம் வாய் திறக்கும்முன் மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. ரகசியம் காத்தல் என்றால், பிள்ளை சொன்னதை அனுமதியின்றிப் பிறரிடம் சொல்லாமலிருப்பது. அதற்கு எல்லை உண்டு. பிள்ளையின் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து, அல்லது பிள்ளைமீது யாரோ வன்முறையோ பாலியல் அத்துமீறலோ செய்கிறார்கள் என்று தெரிந்தால், ஆலோசகர் சொல்லியே ஆக வேண்டும். இந்த எல்லையை முதல் அமர்வின் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. “எதையும் யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறினால், அந்தப் பிள்ளை மட்டுமல்ல, அவளுடைய வகுப்பே அந்தக் கதவைத் தட்டாது.

ஆலோசகர் அறை தலைமையாசிரியர் அறையை ஒட்டி இருந்தாலும் கதை இதேதான். வெளியே பெஞ்சில் காத்திருக்கும் மாணவனைப் போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். மாலைக்குள் வகுப்பில் செய்தி பரவிவிடும். நூலகத்தின் பின்பக்கம், அல்லது தொழில் வழிகாட்டலுக்கும் பயன்படும் பொதுவான அறை என்றால், அவன் எதற்காக உள்ளே போனான் என்று யாருக்கும் தெரியாது.

தற்கொலை பற்றிக் கேட்கலாமா?

கேட்கக் கூடாது, கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்பது பரவலான நம்பிக்கை. இது சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,300-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2005-ல் வெளியானது. தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விகள் கேட்கப்பட்டவர்களுக்கு, கேட்கப்படாதவர்களைவிட மனவேதனையோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்கும் கேள்வியால் தீங்கு நேரவில்லை.

ஆகவே ஒரு பிள்ளையைப் பற்றி அந்த ஐயம் எழுந்தால், சுற்றி வளைக்காமல், “உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்ததுண்டா?” என்று நிதானமாகக் கேட்கலாம். ஆம் என்று பதில் வந்தால் பிள்ளையைத் தனியே விட்டுச் செல்லக் கூடாது. அன்றே பொறுப்பான பெரியவர் ஒருவரிடமும் மருத்துவ உதவியிடமும் சேர்க்க வேண்டும். இதை வாசிக்கும் உங்களுக்கே அப்படி ஓர் எண்ணம் இருந்தால், உங்கள் பகுதியின் உதவி எண்ணையோ நம்பும் ஒரு பெரியவரையோ இன்றே அழையுங்கள்.

எது பலன் தருகிறது, எது தருவதில்லை?

நல்ல எண்ணத்தோடு செய்வதெல்லாம் பலன் தரும் என்று நம்பிவிடுவது இத்துறையின் பெரிய பலவீனம். மூன்று பெரிய ஆய்வுகளைப் பார்த்தால் இது விளங்கும்.

10 ஐரோப்பிய நாடுகளில் 168 பள்ளிகள், 11,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் பங்கேற்ற ஆய்வு 2015-ல் வெளியானது. அதில் மூன்று முறைகளைச் சோதித்தார்கள். ஆபத்தான நிலையில் உள்ள மாணவரை அடையாளம் காண ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது முதலாவது. கேள்விப் பட்டியல் வழியே கண்டுபிடித்து நிபுணரிடம் அனுப்புவது இன்னொன்று. மாணவர்களே பாத்திரமேற்று நடித்து, சிக்கல்களைப் பேசி, உதவி கேட்கப் பழகும் சில மணி நேர நிகழ்ச்சி மூன்றாவது. ஓராண்டுக்குப் பிறகு, வழக்கமான நிலையோடு ஒப்பிடும்போது தற்கொலை முயற்சிகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது மூன்றாவது முறையில் மட்டும்தான். இதில் வியக்க ஒன்றுமில்லை. துயரத்தில் இருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளை முதலில் சொல்வது தோழியிடம்தான். அந்தத் தோழிக்கு என்ன செய்வதென்று தெரிந்திருப்பதே முதல் பாதுகாப்பு.

இரண்டாவது ஆய்வு பீகாரின் நாளந்தா மாவட்டத்தில், 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நடந்தது. முடிவுகள் 2018-ல் வந்தன. பள்ளிச் சூழல் முழுவதையும் மாற்றும் ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்களும், சிலவற்றில் இதற்கென்றே அமர்த்திப் பயிற்சி தரப்பட்ட, ஆனால் நிபுணர் அல்லாத ஆலோசகர்களும் நடத்தினார்கள். ஆலோசகர்கள் நடத்திய பள்ளிகளில் சூழல் நன்கு மேம்பட்டது. மனச்சோர்வும் கேலி வன்முறையும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. இதை வைத்து ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லை என்று முடிவுகட்டுவது அநியாயம். பாடத்தையும் தேர்வையும் சுமப்பவரின் தலையில் இதையும் ஏற்றினால் இது கடைசி வேலையாகத்தான் இருக்கும். பட்டம் பெற்ற நிபுணர் கிடைக்காத இடத்திலும், நேரம் ஒதுக்கப்பட்ட ஓர் ஆளால் மாற்றம் கொண்டுவர முடியும் என்பதுதான் இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மூன்றாவது, பிரிட்டனில் 85 பள்ளிகளில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு மனக்குவிப்புத் தியானம் கற்றுத்தந்த ஆய்வு. 2022-ல் வெளியான முடிவு: வழக்கமான வகுப்புகளைவிடக் கூடுதல் பலன் எதுவும் இல்லை. பல மாணவர்கள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. காலை வழிபாட்டில் ஐந்து நிமிடம் கண்மூடி உட்காரவைத்துவிட்டுத் திட்டம் நிறைவேறியது என்று எழுதிவைக்கும் பள்ளிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு. மாணவர்கள் பங்கேற்றுப் பேசும் முறைகள், அவர்களை உட்காரவைத்துச் சொல்லும் முறைகளைவிட நம்பத்தக்கவை. பொறுப்பைக் கூடுதல் சுமையாகக் கொடுத்தால் அது நடக்காது.

ஆலோசகரின் நேரத்துக்கும் இது பொருந்தும். ஓர் ஆலோசகருக்கு 250 மாணவர்கள் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர்கள் சங்கத்தின் பரிந்துரை. அங்கேயே பெரும்பாலான மாநிலங்களின் சராசரி அந்த அளவை எட்டுவதில்லை. ஆயிரம் மாணவர்களுக்கு ஒருவரை அமர்த்திவிட்டு, தேர்வறைக் கண்காணிப்புக்கும் விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்புக்கும் அவரையே அனுப்பினால், கதவில் மாட்டிய பலகைதான் மிஞ்சும்.

திரும்பி வரும் பிள்ளை

பின்தொடர்தலுக்கு வருவோம். பிள்ளை சிகிச்சைக்குப் போய்விட்டால் தன் வேலை முடிந்தது என்று பள்ளி நினைக்கிறது. உண்மையில் மிகக் கடினமான நாள், மூன்று வாரம் விடுப்பில் இருந்துவிட்டு வகுப்புக்குள் நுழையும் நாள். “எங்கே போயிருந்தாய்?” என்று நாற்பது பேர் கேட்பார்கள். தவறிய பாடங்கள், எழுதாத தேர்வுகள், மருந்தினால் வரும் மயக்கம்.

இதற்கு முன்கூட்டியே ஒரு திட்டம் எழுதிக்கொள்ளலாம். நண்பர்களிடம் என்ன சொல்வது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். முதல் வாரம் அரை நாள் வந்தால் போதும். தவறிய தேர்வுகளில் எவற்றை எழுத வேண்டும், எவற்றை விட்டுவிடலாம் என்று ஒருவர் முடிவு செய்து எல்லாப் பாட ஆசிரியர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். பிள்ளை ஒவ்வொருவரிடமும் போய்க் கெஞ்சக் கூடாது. மூச்சு முட்டுவதுபோல் தோன்றினால் காரணம் சொல்லாமல் வகுப்பைவிட்டு எழுந்து போய் உட்கார ஓர் இடம் வேண்டும். வாரம் ஒருமுறை விசாரிக்கப் பெயர் குறிப்பிட்ட ஒருவர் வேண்டும். அவர் விடுப்பில் போனால் யார் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். நோயின் பெயர் எல்லா ஆசிரியருக்கும் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. என்ன சலுகை, எத்தனை நாள் என்பது தெரிந்தால் போதும்.

பெற்றோராக இருப்பவர்கள், பள்ளியில் ஆலோசகர் இருக்கிறாரா என்று கேட்பதோடு நின்றுவிடாமல் இன்னும் சில கேள்விகள் கேட்கலாம். வாரத்தில் எத்தனை மணி நேரம் அவர் மாணவர்களோடு செலவிடுகிறார்? ஆசிரியர் ஒருவர் கவலை தெரிவித்தால் எத்தனை நாளுக்குள் யார் அந்தப் பிள்ளையிடம் பேசுவார்? சிகிச்சை முடிந்து திரும்பும் மாணவருக்கு எழுத்து வடிவில் திட்டம் உண்டா? மூன்றாவது கேள்விக்கு உடனே ஒரு தாளை எடுத்துக் காட்டும் பள்ளியில், முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் நல்ல பதிலே கிடைக்கும்.